நீர் ஏறி இருந்த பிறகு இறுக்கிய நட்டுகள்

நேற்றுக் காலையில் பிக்கப்பின் பின்பக்கத்துப் குலுக்கலைத் தாங்கும் பழைய சொக் அப்சோபர் இரண்டையும் கழற்றி வேப்பமரத்தடியில் போட்டேன். ஒன்று ஒயிலைக் கக்கியிருந்தது. ஒயிலும் கிறவல் வீதிப் புழுதியும் குழைந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஸ்பனரை வைத்துவிட்டு அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன். இந்த மணத்தோடு என் மனுசியின் முகம் வருகிறது என்று வெளியில் சொன்னால் எனக்கு விசர் என்பார்கள். அந்த மனுசிக்கே, உமக்கே, எழுதுவதால் அந்தப் பயம் இல்லை.

அப்போதெல்லாம் சந்தை நாள் விடியும்போதே நீர் முன் சீற்றில் ஏறி இருந்துவிடுவீர். பின்னால் என் கத்தரிக்காய்ப் பெட்டிகள். உமது மடியில், நீர் தைத்து மடித்த சட்டைகள். விசுவமடுவிலிருந்து புதுக்குடியிருப்புச் சந்தை வரும்வரை உமது வாய் ஓயாது. வயலில் பனிப்புகார் நிற்கும். பாதி வழி நித்திரையிலும் பாதி வழி உமது கதையிலுமாக நான் ஓட்டிக்கொண்டிருப்பேன். எந்த ஊரைக் கடந்தோம் என்பதுகூட நினைவில் நிற்காது.

பிறகு ஒருநாள் நீர் வருவதை நிறுத்தினீர்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்குத் தையல் கிடக்கு."

நானும் நம்பினேன். மாட்டுப் புத்தி. நாலைந்து சந்தை கழிந்து ஒருநாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தால், தையல் மெசின் மூடியபடி இருக்கிறது. நீர் சுவரைப் பார்த்துச் சரிந்து படுத்திருக்கிறீர். போர் முடிகிற காலத்தில் உமது முதுகெலும்புக்குக் கிட்டப் போய் நின்றுவிட்ட செல் குண்டுத் துண்டு என் நினைவுக்கு வந்தது அப்போதுதான். அதை எடுக்கப் போனால் கால் போய்விடும் என்று வவுனியாவில் டொக்டர் சொல்லியிருந்தார். கூடவே இருந்ததால் நான் அதை மறந்துபோயிருந்தேன்.

"வண்டி பள்ளத்திலை விழேக்கை உள்ளுக்கை கம்பியாலை குத்துற மாதிரிக் கிடக்கப்பா," என்றீர். அதையும் ஏதோ நீர் செய்த பிழைபோலத்தான் சொன்னீர்.

அடுத்த நாளே புதுச் சொக் இரண்டு வாங்கி வந்தேன். கராஜில் கொடுக்கச் சொன்னீர். என் வண்டியில் இன்னொருவன் கை வைப்பது எனக்குப் பிடிக்காது என்பது உமக்குத் தெரியாததா? ஜக் அடித்துத் தூக்கி, பாலை மரக் குற்றிகளில் வண்டியை நிறுத்தி, சில்லுகளைக் கழற்றினேன். நீர் கதிரையில் இருந்து ஸ்பனர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தீர். நான் பத்தொன்பதாம் நம்பர் கேட்டால் பத்தொன்பதுதான் வரும். மேல் நட்டையும் கீழ் நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். சில்லைப் பூட்டி, வண்டியை இறக்கி, அந்த மிதப்போடு உம்மை ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை போனேன். பள்ளத்துக்குப் பள்ளம் கிறீச் என்றது. வண்டி முன்னரைவிட மோசமாக உதைத்தது.

"சொக் வாங்கினீங்களோ, உலக்கை வாங்கினீங்களோ?" உமக்கு நோவோடு சிரிப்பும் வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. கடைக்காரனைத் திட்டினேன், வீதியைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து, நான் திரும்பவும் கழற்றும்போது நீர் குனிந்து பார்த்தீர். சொக்கின் இரண்டு நுனியிலும் இருந்த றப்பர் வளைய புஷ்கள் முறுகிப்போய் இருந்தன.

"வண்டியைத் தூக்கி வைச்சுக்கொண்டு எல்லே இறுக்கினீங்கள்? அப்ப சில்லு தொங்கிக்கொண்டு நிண்டது. கீழை இறக்கினாப் பிறகு றப்பர் முறுகாமல் என்ன செய்யும்? சட்டையை மேசையிலை விரிச்சு வைச்சே அளவு பாக்கிறது? ஆள் போட்டுக்கொண்டு நிக்கவேணும்."

இத்தனை வருடம் வாகனத்தோடு கிடந்தவன் நான். தையல்காரி நீர்.

நட்டுகளைத் தளர்த்தி, வண்டியைச் சில்லில் இறக்கி, வெறும் பின்பெட்டி உயர்ந்து நிற்காமல் இருக்க இரண்டு நெல் மூட்டை ஏற்றினேன். "நீரும் ஏறி இரும்," என்றேன். ஒரு ஆளின் பாரத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது. அது எனக்கு அன்றைக்கும் தெரியும். ஆனாலும் உம்மை அந்தச் சீற்றில் பார்க்க ஆசையாக இருந்தது.

நான் கீழே மல்லாந்து கிடந்து இறுக்கினேன். மேலே நீர் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தீர். தகட்டுக்கு அப்பாலிருந்து வந்த உமது குரலில் சொற்கள் விளங்கவில்லை. வேப்பமர நிழல் மண்ணில் அசைந்தது. ஒரு பூ காற்றில் உருண்டு வந்து என் கன்னத்தில் ஒட்டியது. நாலு நட்டு இறுக்க எவ்வளவு நேரம் வேண்டும்? நான் அரை மணித்தியாலம் கிடந்தேன். அப்படியே அந்தச் சத்தத்துக்குக் கீழே கண்ணயர்ந்தும் போனேன் போல.

அடுத்த சந்தைக்கு நீர் வந்தீர். "இப்ப நோகேல்லை," என்றீர். அதற்குப் பிறகு ஒரு சந்தை தவறவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கடைசியாக வவுனியா கிளினிக்குக்குப் போன நாளில் டொக்டர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த முதுகோட பிக்கப்பிலையா அம்மா திரியிறீங்க?" என்று கேட்டார். நீர் நிலத்தைப் பார்த்தீர். திரும்பி வரும் வழியில் மாங்குளம் தாண்டியதும் நான் கேட்டேன்.

"நோகேல்லை எண்டு சொன்னனீர்தானே?"

"நோகும்தான். முந்தின அளவு இல்லை. வீட்டிலை கிடந்தாலும் நோகும். அங்கை சுவர்தான் துணை. இஞ்சை நீங்கள் இருக்கிறியள்." கொஞ்சத் தூரம் போனதும், "மெதுவாப் போங்கோ," என்றீர். நான் பதறிப்போய் பிறேக்கை அழுத்தினேன். நீர் என் கையில் தட்டினீர்.

"நோவுக்கில்லையப்பா. உப்பிடி ஓடினால் கெதியா வீடு வந்திடும்."

அடுத்த மாரி வருவதற்குள் காய்ச்சல் ஒன்று உம்மைக் கொண்டுபோய்விட்டது.

நேற்றும் வண்டியைச் சில்லில் இறக்கி, மூட்டை ஏற்றி, பிறகுதான் இறுக்கினேன். முன் சீற்றில் ஒருவரையும் இருத்தவில்லை. பொழுது சாயும் நேரம் ஓடிப் பார்க்க வெளிக்கிட்டேன். பெரிய வீதி முழுக்கக் காப்பெற் தார் போட்டுவிட்டார்கள். ஒரு குலுக்கல் இல்லை. உமக்குத் தேவைப்பட்ட வீதி நீர் போன பிறகு வந்திருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பின்னால் வந்த பஸ் வழி கேட்டுக் கோன் அடித்தது. கையைக் காட்டி முன்னால் போக விட்டேன். அதற்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்களையும் விட்டேன். உம்மோடு பழகிய அந்த மெதுவான வேகம் இன்னும் என் காலில் இருக்கிறது. வீடு ஆறுதலாக வரட்டும்.