துக்க வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? அக்கரப்பத்தனையில் ஒரே குளிர். யாராவது வந்தால் என் கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள்.

மண்சரிவில் கணவரை இழந்த மீனம்மா அக்காவுக்கு மனநல ஆலோசனை சொல்ல அவர் லயத்து வீட்டுக்குப் போனேன். எழும்போது பழக்கத்தில், "போயிட்டு வர்றேங்கக்கா" என்றுவிட்டேன். துக்க வீட்டில் அப்படிச் சொல்லலாமா? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவரோ என் கையைப் பிடித்து, "வாம்மா. அவருதான் சொல்லாமப் போயிட்டாரு" என்று முதன்முதலாக அழுதார். ஆலோசகர் அழக்கூடாதாம், நானும் அழுதேன். குளவி கொட்டி இறந்த அன்று அப்பாவும் சொல்லாமல்தானே தேயிலை மலைக்குப் போனார்.

இப்போது மனசு லேசாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். பஸ் நிறுத்தத்தில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. காலையில் கொழுந்தெடுக்கக் கிளம்புமுன் போன் போட்டு, "போயிட்டு வர்றேன்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா.

உங்கள் மகள்,
துஷாந்தினி