கோணல் பின்னல்

அன்புள்ள அக்காவுக்கு,

குவைத்தில் நான் சுகம். பல்லேபொலவில் மழை விட்டதா? உங்க முழங்கால் வலி எப்படி?

உங்ககிட்ட வளர்ற என் மகள் யசோ "என் அப்பா" கட்டுரையை முதலில் ஏஐயைக் கொண்டு எழுதினாளாம். டீச்சர், "இது யாரோட அப்பா, புள்ள? அதை எழுதச் சொல்லாத, ஒன்னைய கேள்வி கேக்கச் சொல்லு"ன்னு திருப்பிக் கொடுத்தாங்களாம்.

"அம்மா வெளிநாடு போனபிறகு அப்பா புதிதாக என்ன பழகினார்?" என்று அந்த ஏஐ கேட்டதாம். அவளுக்குத் தலை பின்னப் பழகினாராம். அவர் செத்த அன்று காலையிலும் கோணலாகப் பின்னிவிட்டாராம். கடைசியாக அவர் முகம்கூடப் பார்க்காத எனக்கு, அவள் அனுப்பிய அந்தக் கட்டுரை போதும் அக்கா. டீச்சருக்கு என் கும்பிடு சொல்லுங்க.

நீங்க யசோவுக்கு நேராகத்தான் பின்னுவீங்க. ஒரு நாள் மட்டும் கோணலாகப் பின்னி, முதுகுப்பக்கம் போட்டோ எடுத்து அனுப்புங்க.

வேலை செய்யிற வீட்டு மேடம் கூப்பிடுறாங்க.

தங்கச்சி சிவகாமி