கண்ணாடிப் பெட்டிக்குள் உன் கணினி

அன்புத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் இடத்துக்கு இன்னும் எந்த டீச்சரும் மலையேறி வரவில்லை. இயற்பியலோடு உன் கணினி வகுப்பும் என் தலையில்தான். கோபப்படாமல் கேள், சேதி நல்லதாக இல்லை.

உன் பிள்ளைகள் கடைசியாகச் செய்த கணினி ஞாபகம் இருக்கிறதா? பிளைவுட் பலகையில் மின்சாரம் பாய்ந்தால் தானே இணைத்துப் பிரிக்கும் ரிலே, சுவிட்சு, சின்னச் சின்ன விளக்கு. மூடியே கிடையாது. ஓர் எண் எந்த ஒயர் வழியாகப் போகிறது, எங்கே கூடுகிறது, எங்கே தங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மேலே மாலை போட்ட உன் படம், கீழே 'தொடாதீர்கள்' என்று எழுதிய அட்டை. ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வேறு வைத்தார்கள், கண்ணு. சர்ச்சுக்குப் போன உனக்கு இது தேவையா?

ஒவ்வொரு வருடக் கடைசியிலும், செய்த பிள்ளைகளையே உட்காரவைத்து அதைப் பிரிக்கச் சொல்வாய். நான் சண்டைக்கு வருவேன். "பிரிக்கட்டுங்கண்ணா. முழுசா வெச்சா அடுத்த வருசத்துப் புள்ளைக கும்புட்டுட்டுப் போயிருமுங்க" என்பாய். போன வருடம் பிரிப்பதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது பிள்ளைகள் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மையச் செயலகம், அதாவது சி.பி.யு., என்றால் என்ன என்று மனப்பாடம் செய்கிறார்கள். நேற்று, அரியூர் நாட்டு மலைக்கிராமத்திலிருந்து படிக்க வரும் பெண் ஒருத்தி, "சார், ஒரே ஒரு ஒயரக் கழட்டிப் பாக்கட்டுங்களா? எது வேல செய்யாம நிக்குதுன்னு தெரிஞ்சுருமுல்லீங்க" என்றாள்.

தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். "ஏனுங்க, அது டீச்சரு ஞாபகார்த்தமுங்க. அதப் போயி பிரிக்கோணும்னு சொல்றீங்களே, மனசாட்சி இருக்குதுங்களா?" என்றார்.

உண்மையைச் சொல்லவா? அவரை மட்டும் திட்ட எனக்கு வாயில்லை. ஒவ்வோர் ஒயரிலும் உன் கையெழுத்தில் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. இந்த மலையில் உன்னுடையது என்று மிஞ்சியது அவ்வளவுதான். சாயங்காலம் எல்லோரும் போனபின் நானும் அந்தக் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறேன். ஏன்டி பாவி, இப்படி ஒரு பழக்கத்தை வைத்துவிட்டுப் போனாய்?

சாவி அவரிடமே இருக்கட்டும். பெட்டியின் பின்பக்கம் வெறும் திருகாணிதான். திங்கட்கிழமை முதல் வகுப்பில் ஸ்க்ரூ டிரைவரை அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பேன். மெமோ வந்தால் வாங்கிக்கொள்கிறேன். கடைசி ஒயர் வரை பிரிப்பார்கள். உன் சீட்டுகளைக் கிழித்துவிட்டு, மறுபடி மாட்டும்போது தங்கள் கையெழுத்தில் எழுதி ஒட்டுவார்கள். அதில் ஒன்றைக்கூட நான் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
சண்டை போட ஆளில்லாமல் நிற்கும்
உன் அண்ணன்