மூன்றாவது கோப்பை

உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நான் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கிலுள்ள உன் வீட்டிலிருந்து புறப்படும்போது, உன் மனைவி ஒரு பழைய தோள்பையைக் கொண்டுவந்து தந்தார். "உங்களோடை வடக்குக்குப் போறதுக்கெண்டு கட்டி வைச்சவர், அண்ணை. நீங்களே கொண்டுபோங்கோ." மூன்று கிழமையாக அது ரொம்சோஸில் என் வீட்டு வாசலடியில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. நேற்றுப் பின்னேரம்தான் திறந்தேன். குப்பென்று இஞ்சித் தேநீர் மணம் வந்தது.

மடக்கு மண்வெட்டி, கயிறு, மெழுகுதிரி, இரண்டு கம்பளி, உன் கையெழுத்தில் ஒரு பட்டியல். எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று எவர்சில்வர் கோப்பைகள். இரண்டில் விலைச் சீட்டு இன்னும் கழற்றப்படவில்லை. மூன்றாவதன் உள்ளே தேநீர்க் கறை வட்டமாகக் காய்ந்திருந்தது. மணம் அதிலிருந்துதான்.

உன் மனைவிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போக முதல், பின்னேரத்திலை தனக்கு ஊத்தேக்கை அதுக்குள்ளையும் ஊத்தி, எதிர்க் கதிரைக்கு முன்னாலை வைப்பார். நான் கழுவ எடுக்கேக்கை அது வெறுமையாத்தான் இருக்கும். ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை அண்ணை. கேட்டா மறுமொழி சொல்லிப்போடுவாரெண்டு பயம்."

யாருக்கென்று எனக்குத் தெரியும். அதைத்தான் உன்னிடம் ஒருநாளும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அப்போது நாம் இருவரும் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், கடலோரத்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஒஸ்லோவிலிருந்து நண்பர்கள் அனுப்பிய மிளகாய்த்தூள் பார்சலை எடுக்க, மரம் மட்டையில்லாத மேட்டுநிலத்தைத் தாண்டி நகரத்துக்குக் காரில் போனோம். மூன்று கிலோ மிளகாய்த்தூளுக்காக மார்கழிப் பனியில் அந்த வீதியில் இறங்கக்கூடிய மடையர்கள் உலகத்தில் நாம் இரண்டு பேர்தான். திரும்பும் வழியில் கார் நின்றுவிட்டது. நேரம் மத்தியானம் பன்னிரண்டு. அங்கே அந்த மாதத்தில் சூரியன் எழும்புவதில்லை. மத்தியானத்தில் நீலமாய் ஒரு வெளிச்சம் வந்து போகும். அன்று அதுவும் வரவில்லை.

பனி தள்ளும் லொறி ஒன்று வந்து நின்றது. சாரதிக்குப் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடமிருந்தது. "நீ போ. உனக்குத்தான் நோர்ஸ்க் கதைக்க வரும்," என்றாய். "ஒரு மணித்தியாலத்திலை வாறன் மச்சான்," என்று சொல்லி ஏறினேன்.

ஐந்து மணித்தியாலம் கழித்துத்தான் வந்தேன். லொறி என்னை இறக்கிய மலை விடுதியின் சொந்தக்காரர் தன் பனி ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிவந்தார். நீ முன் இருக்கையில் இருந்தாய். பின் இருக்கையில் நான் வைத்துவிட்டுப் போன பார்சல் இப்போது உன் மடியில் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தாலும் உன் முகத்தில் பயம் இல்லை.

"தனிய இருக்கேல்லை மச்சான்," என்றாய். "ஒராள் வந்து பின்னுக்கு இருந்தவர். ஒரு கதையும் இல்லை. பாவம், நல்லாக் குளிர்ந்துபோய் இருந்தவர். ஃபிளாஸ்க் மூடியிலை தேத்தண்ணி குடுத்தனான். அடுத்தமுறை அவருக்கும் ஒரு கோப்பை கொண்டு வரவேணும்."

"உனக்குக் குளிர் மண்டைக்குள்ளை ஏறிட்டுது," என்று சிரித்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நம்பவில்லை என்று நினைத்திருப்பாய்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்தோம். முதலில் ட்வெய்ட்டாவில் உன் அடுக்குமாடி வீட்டிலும், பிறகு லோறென்ஸ்கூக்கில் நீ வாங்கிய வீட்டிலும், ஒவ்வொரு இலையுதிர்காலமும் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரிப்பாய். சுவீடன் பக்கத்தால் ஏறுவதா, கரையோரமாகவே போவதா, எந்த ஊரில் படுப்பது, அடுத்த பெற்றோல் நிலையம் எவ்வளவு தூரம். உன் பென்சில் எந்த வழியால் போனாலும் கடைசியில் அந்த மேட்டுநிலத்து வீதியில், ஊரோ வீடோ இல்லாத ஒரே புள்ளியில்தான் வந்து நிற்கும். "கோடையிலை போவம், இரவு முழுக்க வெளிச்சம்," என்பேன். "கோடையிலை அவர் இருக்கமாட்டார்," என்பாய், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. பட்டியலில் மூன்று கோப்பை என்று நீ எழுதுவாய். நான் வெட்டி இரண்டாக்குவேன். நீ கோபிக்காமல் திரும்பவும் மூன்று என்று எழுதுவாய். பயணத்தை மட்டும் ஒவ்வொரு வருடமும் நான் தள்ளிப்போட்டேன். வேலை, மகளின் பரீட்சை, முழங்கால் வலி. எனக்குச் சாட்டுக்கா பஞ்சம்!

இனி உண்மையைச் சொல்கிறேன். அன்று லொறி என்னை விடுதியில் இறக்கியபோது, சாரதி விடுதிக்காரரிடம் சொன்னார்: "காருக்குள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்." இல்லை, ஒருவர்தான் என்று திருத்தினேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பின் இருக்கையில் தொப்பி போட்ட ஒருவர் இருந்தாரே. நீ இறங்கும்போதும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்."

"இப்பவே போவோமா?" என்று விடுதிக்காரர் கேட்டார். காற்றுக் குறையட்டும் என்றேன். காற்று அப்போதே குறைந்துவிட்டது, மச்சான். யன்னலால் எனக்குத் தெரிந்தது. அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி, கோப்பி குடித்துக்கொண்டு, நீ யாரோடு இருக்கிறாயோ அவருக்குப் பயந்து உன்னை ஐந்து மணித்தியாலம் அந்தக் குளிரில் விட்டேன். நீ செத்திருந்தால் நான்தான் கொன்றவன். அதன்பிறகு நீ சொன்னதை நம்பினேன் என்று எப்படிச் சொல்வது? நம்பினேன் என்றால் ஏன் வரவில்லை என்று நீ கேட்டிருப்பாய். அதனால் முப்பது வருடமாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கேட்டது நினைவிருக்கிறது. "இந்த மார்கழி போவமே?" ஓம் என்றேன். "பிந்தாதை," என்றாய். என் கையை அழுத்திய உன் கையில், அன்று காரிலிருந்து உன்னை இறக்கும்போது இருந்த அதே குளிர்.

அடுத்த கிழமை போகிறேன். இந்த வயதில் உங்களைத் தனிய விடமாட்டேன் என்று மகள் லீவு போட்டுவிட்டாள். காருக்குப் பனியில் வழுக்காத ஆணி ரயர் பூட்டியாகிவிட்டது. நேற்றுப் பின்னேரம் உன் பட்டியலைப் பார்த்துத் தன் கைபேசியில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தவள் நிமிர்ந்தாள்.

"இதிலை மூண்டு கோப்பை எண்டு இருக்கு. நாங்கள் ரெண்டு பேர்தானே அப்பா? ரெண்டு எண்டு போடுறன்."

"வேண்டாம். வெட்டாதை."

"அப்ப மூண்டாவது ஆருக்கு?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விடுதி அடுப்பு உட்பட. அவள் என்னைத் திட்டவில்லை. எழும்பி வந்து பக்கத்தில் இருந்தாள். "சரி, மூண்டு," என்று எழுதப் போனாள்.

நான் அந்தப் பின் இருக்கையை நினைத்துப் பார்த்தேன். தொப்பிக்காரரை நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத்தில் வருகிறேன் என்று போனவனுக்காக இனி நீயும் காத்திருப்பாய் என்றும் நினைத்தேன்.

"நாலு எண்டு போடு, பிள்ளை," என்றேன்.

இன்று ட்வெய்ட்டாக் கடைத்தொகுதிக்குப் போய் ஒரு கோப்பை வாங்கிவந்தேன். விலைச் சீட்டைக் கழற்றி, கழுவி, உன் பைக்குள் வைத்திருக்கிறேன்.