அப்பா நடக்காததற்கான காரணம்

அன்புத் தங்கை ராஸ்லினுக்கு,

கிளீவ்லாந்திலிருந்து அண்ணன் எவரெட் எழுதுவது. ஒகினாவாவில் நீ உடல்நலத்தோடும் மனநலத்தோடும் இருக்க வேண்டுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதே முறை. அந்த முறையை இம்முறை என்னால் கடைப்பிடிக்க இயலவில்லை.

“வழக்குலதான் ஜெயிச்சாச்சே, அப்புறம் ஏன்ணே உன் குரல் இப்படி இருக்கு?” என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். தொலைபேசி அப்பாவின் கட்டிலருகே இருக்கிறது. அவருக்கு இடக்கையும் இடக்காலும்தான் பலவீனம். காது இரண்டும் கூர்மை. எனவே அன்று மழுப்பினேன். இப்போது முறைப்படி முழுவதையும் எழுதுகிறேன்.

பக்கவாதத்திற்குப் பிறகு அப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ள மெடிக்கெய்ட் வழி செய்திருந்தது உனக்குத் தெரியும். பணம் அரசுடையது, யாருக்கு எவ்வளவு உதவி என்று தீர்மானிப்பது அரசு அமர்த்திய காப்பீட்டு நிறுவனம். அதன்படி மிஸ் வெர்லீன் காலையில் வந்து, நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை எட்டு மணி நேரம் அப்பாவைப் பார்த்துக்கொண்டார். வசந்தத்தில் அரசு அந்த ஒப்பந்தத்தை வேறொரு நிறுவனத்திற்குக் கொடுத்தது. புதிய நிறுவனம் தன் செவிலியரை அனுப்பி அப்பாவை மறுபடி மதிப்பிட வேண்டும் என்றது. விதியில் உள்ளதுதான். நான் ஆட்சேபிக்கவில்லை.

நம் வீட்டுக்கு அந்நியர் ஒருவர் வருகிறார் என்றால் அப்பா என்ன செய்வார் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? நாற்பது ஆண்டுகள் தேவாலய வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்று, வந்தவர்களை இருக்கையில் அமர்த்தியவர். செவிலியர் வரும் நாளன்று காலையிலேயே வெர்லீனிடம் அந்தக் கறுப்பு சூட்டை எடுக்கச் சொன்னார். கையுறையையும் கேட்டார். “மிஸ்டர் டாலிவர், வர்றது நர்ஸு. கல்யாணப் பொண்ணு இல்ல” என்றார் வெர்லீன். “நர்ஸா இருந்தா என்ன, நம்ம வீட்டு விருந்தாளிதானே. அழுக்குச் சட்டையில உக்காந்து வரவேற்கச் சொல்றியா?” என்றார் அப்பா.

செவிலியர் திருமதி வைகண்ட் பண்பானவர். அவர் உள்ளே வந்ததும் அப்பா எழுந்தார். ஆம், எழுந்தார். ஊன்றி நடக்கும் வாக்கரைத் தொடாமல், சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போய், வெர்லீன் வெட்டி வைத்திருந்த வெண்ணெய்க் கேக்கை வலக்கையில் ஏந்தி, தோளைச் சுவரில் சாய்த்தபடியே வந்து மேசையில் வைத்தார். “உக்காருங்கம்மா. எங்க வீட்டுல வந்தவங்கள நிக்க வச்சுப் பேசற வழக்கமில்ல” என்றார்.

குளிக்க யாராவது உதவ வேண்டுமா என்று செவிலியர் கேட்டார். “ஆண்டவர் கிருபையில நானே பாத்துக்கறேம்மா.” கழிப்பறைக்குப் போகும்போது? “அதெல்லாம் ஒரு பெரிய மனுஷன்கிட்ட கேக்கற கேள்வியா?” என்று சிரித்தார். பின்னாலிருந்து வெர்லீன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் வாயைத் திறந்தேன். காப்பீட்டின் உறுப்பினரே, அதாவது அப்பாவே, பதில் சொல்ல வேண்டும் என்பது விதி என்று திருமதி வைகண்ட் மென்மையாக நினைவூட்டினார். விதி அப்படித்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கதவு சாத்தியதும் அப்பா நாற்காலியில் சரிந்தார். அந்த சூட்டின் காற்சட்டை நனைந்திருந்தது. மறுநாள் முழுவதும் அவரால் தலைதூக்க முடியவில்லை. “ஒரு துண்டு கேக்குக்காக ஒரு வாரத் தெம்பையும் செலவு பண்ணிட்டாரு” என்று முணுமுணுத்துக்கொண்டே வெர்லீன் அந்த சூட்டை அலசினார்.

நிறுவனத்தின் முடிவு வந்தது. அப்பா தாமே நடக்கிறார்; தாமே விருந்தினரை உபசரிக்கிறார்; இனி காலையில் இரண்டு மணி நேர உதவி போதும். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் இருக்கிறாள், டாம்சின் என்று பெயர். எனக்கு வாய்த்த மூன்றாவது ஒருங்கிணைப்பாளர் அவள். நம் குடும்பத்தைப் பற்றி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. “சார், நாங்க எதையும் கற்பனை பண்ணி எழுதல. உங்கப்பா வாயாலயே சொன்னதுதானே” என்றாள். மீதி நேரம் அவர் தனியே என்ன செய்வார் என்று கேட்டேன். அவ்வளவு உதவி தேவைப்படுபவர் என்றால் பராமரிப்பு இல்லத்தில் இடம் தருவதாகவும், அதற்கு உடனே ஒப்புதல் கிடைக்கும் என்றும் சொன்னாள். வீட்டில் இருக்கும் அளவுக்கு நோய் இல்லை. இல்லத்துக்குப் போகும் அளவுக்கு நோய் உண்டு. விதிப்படி கட்டடங்களைப் பரிசோதித்தே முடி நரைத்தவன் நான். இப்படி ஒரு படிக்கட்டை எவனாவது கட்டியிருந்தால் இடிக்கச் சொல்லியிருப்பேன்.

உரிய கெடுவுக்குள் மேல்முறையீடு செய்தேன். அப்படிச் செய்தால் தீர்ப்பு வரும்வரை பழைய உதவியை நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அவர்களுக்கே அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். விசாரணை தொலைபேசியில் நடக்கும். மருத்துவரின் சான்று உண்டு. என் வாக்குமூலமும் வெர்லீனின் வாக்குமூலமும் உண்டு. ஆனால் அப்பா அன்று சொன்னதை அப்பாவே மறுத்துச் சொன்னால் ஒழிய இவை நிற்கா என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எனவே மாலைகளில் சமையலறை மேசையில் அவரை உட்காரவைத்துப் பழக்கினேன். நான் கேள்வி கேட்பேன். அவர் ‘முடியாது’ என்று பதில் சொல்ல வேண்டும். “பொத்தான் போட முடியுமா?” “கொஞ்ச நேரம் ஆகும்...” “அப்பா, கொஞ்ச நேரம்னு சொல்லாதீங்க. முடியாதுன்னு சொல்லுங்க.” அவர் என்னையே பார்த்தார். “ஏண்டா, சின்ன வயசுல உனக்கு ஷூ லேஸ் கட்ட வரலன்னு நீ அழுதப்ப நான் என்ன சொன்னேன்னு ஞாபகமிருக்கா? நம்ம வீட்டுல முடியாதுங்கற வார்த்தை கிடையாதுன்னு சொன்னேன்” என்றார். கிளம்பும் நேரம் கடந்தும் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வெர்லீன், கையிலிருந்ததைத் தடாலென்று தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

விசாரணை நாளன்றும் அப்பா சூட்டும் கையுறையும் போட்டுக்கொண்டார். தொலைபேசியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். “சத்தியம் பண்ணப் போறேன். பனியனோடயா பண்றது?” என்றார். விசாரணை அதிகாரியான பெண்ணின் குரல் பிரமாணத்தை வாசித்தபோது அவர் வலக்கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, கையை உயர்த்தினார். அவரைக் காண அந்த அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

நிறுவனத்தின் வழக்கறிஞர் கேக்கைப் பற்றித்தான் முதலில் கேட்டார். பிறகு அதிகாரி, “நீங்களே சொல்லுங்க, மிஸ்டர் டாலிவர்” என்றார். துணையின்றி நடக்க முடியாது என்பதில் தொடங்கி நான் பழக்கியது நாலு வரி. ராஸ்லின், அவர் அந்த நாலு வரியோடு நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், கழற்றிய கையுறையைப் பார்த்துப் பேசினார். எனக்கே தெரியாதவற்றைச் சொன்னார். “மத்தியானத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கறதில்லம்மா. தாகம் எடுத்தாலும் குடிக்கறதில்ல. வெர்லீன் போனதுக்கப்புறம் என்னைச் சுத்தம் பண்றது என் மகன்தான். ஆபீஸ்ல இருந்து களைச்சு வர்றான். அவன் என்னைத் துடைக்கறப்ப முகத்தைத் திருப்பிக்குவான். அருவருப்புல இல்ல, மரியாதைக்காகத்தான். எனக்குத் தெரியும். ஆனா அது எனக்குத் தாங்கல” என்றார்.

வென்றோம். எட்டு மணி நேரமும் உறுதியாயிற்று. டாம்சின் அழைத்து வாழ்த்துக்கூடச் சொன்னாள்.

மறுநாள் வெர்லீன் வழக்கம்போல வாக்கரைக் கொண்டுவந்து வைத்தார். ஜன்னல்வரை போய் வருவது அவர்களின் அன்றாடப் பந்தயம். தோற்பவர் இனிப்புத் தேநீர் போட வேண்டும், எப்போதும் வெர்லீன்தான் தோற்பார். அப்பா எழவில்லை. “என்ன மிஸ்டர் டாலிவர், பயமா? இன்னிக்கு நீங்கதான் தோக்கப் போறீங்களா?” என்று வெர்லீன் சீண்டினார். “என்னால நடக்க முடியாதுன்னு சத்தியம் பண்ணிருக்கேன், வெர்லீன்” என்றார் அவர்.

அவர் சொன்னது துணையின்றி நடக்க முடியாது என்றுதான். வாக்கரோடு நடப்பது அந்த வாக்குமூலத்திற்கு முரணாகாது என்று எடுத்துரைத்தேன்; பதிவை வாசித்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “திரும்ப ஒரு நாள் ஆள் அனுப்புவாங்கல்ல? அன்னிக்கு நான் நடக்கறதப் பாத்தா உன்னையும் சேத்துப் பொய்யன்னு எழுதுவாங்க. வேணாம்டா. உன் பேரு கெட வேணாம்” என்றார். நடைப்பயிற்சி தர இயன்முறை மருத்துவரை அனுப்ப முடியுமா என்று டாம்சினைக் கேட்டேன். அனுப்பலாமாம். ஆனால் முன்னேற்றம் தெரிந்தால் உதவி நேரத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்பதைத் தெரிவிப்பது தன் கடமை என்றாள். அவளும் விதிப்படிதான் நடக்கிறாள்.

அதிலிருந்து அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஆலயத்திலிருந்து சகோதரர் கிளியோட்டிஸ் காரோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தார், அப்பா போகவில்லை. வலக்காலும் மெலியத் தொடங்கிவிட்டது. ‘முடியாது’ என்பது அன்று பாதி உண்மையாக இருந்தது. மீதியையும் அவர் உண்மையாக்கிக்கொண்டிருக்கிறார்.

உன்னிடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த மாதம் ஆலயத்தில் வாசல் பணியாளர்களைக் கௌரவிக்கும் ஞாயிறு. எப்படியாவது விடுப்பு எடுத்து வா. வருவதை அப்பாவிடம் சொல்லாதே. சாவி இருந்தாலும் திறந்துகொண்டு வராதே; வெளியே நின்று, புதியவர் போலக் கதவைத் தட்டு. தட்டிவிட்டுக் காத்திரு. வெர்லீனிடம் சொல்லி வைக்கிறேன், அவர் கதவைத் திறக்க மாட்டார். வாசலில் ஒருவரை நிற்க வைத்துவிட்டுப் படுத்திருக்க அவரால் முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்று காலை நான் வெளியே போய்விடுவேன். என்னிடமும் ஒரு நாள் சத்தியம் வாங்கிக் கேட்பார்கள், ராஸ்லின். நான் பொய் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஆகவே அவர் எழுந்தாரா என்பதை என்னிடம் எப்போதும் சொல்லாதே. ஒருவேளை எழுந்து வந்து திறந்தால், அவரைத் தாங்கிக்கொள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக நம் வாசலுக்குக் கொண்டுவருவாராக.

உன் அண்ணன்,
எவரெட் டாலிவர்