பாக்கியம் வீட்டு அரிசி

இன்று காலை விறகு பிடிக்கவில்லை. சாரல் தொடங்கி மூன்று நாளாகிறது. வேதக்கோயிலுக்குப் பின்னால் அடுக்கியிருந்த புளியங்கட்டை எல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். அந்தப் புகை வாடை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் உம்முடைய இருமல் சத்தம் கேட்கும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். மாசியில் உம்மை அடக்கம் பண்ணியது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கஞ்சி இன்னும் நடக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தென்காசி பெரியாஸ்பத்திரி வாசலுக்கு அண்டாவைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோகிறேன். நோயாளிகளுக்குத் துணையிருக்கிறவர்கள் தூக்குவாளியோடு நிற்கிறார்கள். நீர் இருந்தபோது நீர் சைக்கிளைப் பிடிப்பீர், நான் பின்னாலிருந்து தள்ளுவேன். இப்போது இரண்டும் நானே. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கார்கள் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே வருகின்றன. முழங்கால் முட்டு சொன்னபடி கேட்பதில்லை. சபையில் இத்தனை குடும்பம் இருந்தும் அண்டா கழுவ ஒருவர் வருவதில்லை.

நாம் தொடங்கியபோது கையில் என்ன இருந்தது? ஓட்டுக்கூரைக் கோயில். சம்பளமில்லாத சபை ஊழியராக நீர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தே தமிழ் படித்த டீக்கடைக்காரனாக நான். அப்புறம் கைப்பிடி அரிசி. வடகரை வயல்களில் களை பறிக்கப் போகும் நம் பெண்கள், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் பெட்டியில் கொட்டுவார்கள். அதைக் கஞ்சியாக்கலாம் என்றது நீர்.

நல்ல யோசனைதான். ஆனால் கிளறியது நான். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் தடித்த ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே பெட்டியில் விழும். ஒரே அண்டாவில் போட்டால் ஒன்று கரைந்து கூழாகும்போது இன்னொன்று பல்லில் கடிபடும். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரியவர் வாயிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி, "அண்ணாச்சி, கல்லு பொறுக்காமப் போட்டுட்டீரோ?" என்று கேட்டார். அது கல் இல்லை, வேகாத அரிசி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீரும் சிரித்தீர். எனக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு, அறிவிப்பு வேளையில், உம்மிடம் கேளாமல் நானே எழுந்தேன். இனிமேல் ரேஷன் அரிசி கொண்டுவர வேண்டாம், கடை அரிசி மட்டும் போதும் என்று சொன்னேன்.

ஐந்து பெண்கள் அரிசி கொண்டுவருவதை நிறுத்தினார்கள். அதில் பாக்கியம் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினாள். புருஷன் போன பிறகு களை பறித்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவள். அவள் வீட்டில் வேறு அரிசி ஏது? நீர் போய்க் கூப்பிட்டீர். அவள் சொன்னதை அப்படியே வந்து என்னிடம் சொன்னீர்.

"எங்க வீட்டு அரிசி ஆகாதுன்னா, எங்க ஜெபம் மட்டும் ஆகுமாக்கும்?"

நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள் என்றீர். என்ன வார்த்தை? வேகாத கஞ்சியை ஊருக்கு ஊற்றுவதா ஊழியம் என்று உம்மிடம் கத்தினேன்.

நீர் என்னோடு வழக்காடவில்லை. மறுநாள் பெட்டி அரிசி முழுவதையும் சாக்கில் கட்டி, கடையநல்லூரில் ஒரு பாயின் மாவு மில்லுக்குக் கொண்டுபோனீர். உடைத்து நொய்யாக்கிவிட்டால் எந்த அரிசியும் ஒன்றுபோல வெந்துவிடும். பாய் கூலி வேண்டாம் என்றார். ஆனால் மிளகாய் திரித்து முடித்த இடைவேளையில்தான் அவருடைய மிஷின் ஓயும். அந்த வாரக் கஞ்சி இளஞ்சிவப்பாக, மூக்கில் நீர் வரவழைக்கும் உறைப்போடு இருந்தது. நான் அண்டாவை மூடப் பார்த்தேன். "மசாலாக் கஞ்சி வே, ஓட்டல்லகூடக் கெடைக்காது" என்று நீர் அகப்பையைப் பிடுங்கிக்கொண்டீர். வாங்கியவர்கள் திரும்பவும் வந்து வரிசையில் நின்றார்கள்.

எந்த அரிசியானாலும் கொண்டுவரலாம் என்று நீர் அறிவித்ததும் நான்கு பேர் திரும்பக் கொண்டுவந்தார்கள். பாக்கியம் வரவில்லை. வேண்டாம் என்ற வாய் என்னுடையது. வேறு வாய் சொல்லி அவளுக்கு ஆறவில்லை. வருஷா வருஷம் கோயில் அசன விருந்து வரும்போது நீர் கேட்பீர்: "அந்தப் பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டு வாரும் வே." நான் மாட்டேன் என்பேன். கடைசியாகப் படுக்கையில் கிடந்தும் கேட்டீர். கஞ்சி ஆறிவிடும் என்று சாக்குச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

நான் சொன்னதில் குற்றமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். வேகாதது வேகாததுதான். ஆனால் அதைக் கோயிலில், எல்லார் முன்னாலும் சொன்னேன். மூன்றாவது வரிசையில் அவள் மடியில் அரிசிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அதையும் நான் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமைக்கு அரிசி வேண்டும் என்றேன். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வராது, உமக்குத் தெரியும். கடை அரிசி இல்லை என்றாள். இருப்பதைப் போடு என்றேன். உள்ளே போய் ஒரு சட்டி நிறைய அள்ளி வந்து, நான் விரித்த துண்டில் கொட்டினாள்.

"அவரு இருக்கயில வந்திருக்கலாம்லா, அண்ணாச்சி."

அதில் கோபம்கூட இல்லை. கோயிலுக்கு வருவாளா என்று நான் கேட்கவில்லை. துண்டை முடிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அரிசியைக் கோயில் பெட்டியில் கொட்டிவிட்டேன். அவள் சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்ட?