அச்சில் வார்த்த பல்

ஜூன் 9, திங்கள்
இன்று எனக்குக் கொஞ்சம் திமிர்தான். மோகனப்பிரியாவின் உடைந்த முன்பற்கள் இரண்டுக்கும் பல் நிறக் காம்போசிட் பசையைக் கையாலேயே அடுக்கடுக்காக வைத்து வெனீர் உறை செய்தேன். அரை நாள் போச்சு. ஆனால் எது அவள் பல், எது நான் வைத்தது என்று எனக்கே தெரியவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். அம்பத்தூர் ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை கவுன்டரில் நிற்கிறாள். சிரிக்காமல் முடியாது.

ஜூலை 12, சனி
அதே பற்கள். மறுபடியும் பாத்ரூமாம். உதவிக்கு இருக்கும் சபீனா என்னையே பார்த்தாள். நானோ வழுக்காத டைல்ஸ் பற்றி அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். மக்கு.

ஜூலை 14, திங்கள்
இரண்டு முறைகளையும் அவளுக்கு விளக்கினேன். கையால் வைத்தால் அழகு, நேரம் பிடிக்கும். இன்னொன்று, மெழுகில் பல் வடிவம் செய்து, அதற்கு சிலிக்கான் அச்சு எடுத்து, உள்ளே இளகிய காம்போசிட்டைச் செலுத்துவது. இட்லித் தட்டு சமாச்சாரம், ஒரு மாற்றுக் கம்மி. ஆனால் அச்சு இருந்தால், எப்போது உடைந்தாலும் அதே பல்லைச் சட்டென்று வார்த்துவிடலாம்.

"அச்சே போட்ருங்க டாக்டர். அத்தத் தூக்கிப் போட்றாதீங்க" என்றாள்.

அழகைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜூலை 21, திங்கள்
அச்சில் வார்த்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். புருஷன்தான். கோபம் வந்தால் மட்டுமாம். போலீசில் நானே பேசுகிறேன் என்றேன்.

"பேசிட்டு நீங்க ஊட்டுக்குப் பூடுவீங்க. நான் எங்க போறது?"

அச்சில் அவள் பெயரை எழுதி அலமாரியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி
மறுபடியும். அதே அச்சு. வேலை கச்சிதம். என் மேலேயே வெறுப்பாக வருகிறது.

ஆகஸ்ட் 20
அச்சைக் குப்பையில் போட்டால்? உடைந்த பல்லோடு கவுன்டரில் நிற்கப்போவது அவள்தானே, அவன் இல்லையே.

செப்டம்பர் 6, சனி
அவள் புருஷன் டில்லிபாபு முதல்முறையாக போன் செய்தான். அண்ணனூரில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறானாம். தணிந்த, மரியாதையான குரல்.

"பல்லு மறுக்கா ஒடஞ்சிச்சு. நாளிக்குக் காலையில அவள இட்டாறேன் டாக்டரம்மா. அச்சு கீதுல்ல? மின்ன மாரி அவ லீவு போட வேணாமே?"

லீவு வேண்டாம் என்றேன். பத்து மணிக்கு வரச் சொன்னேன்.